ஐந்து நிமிடம் எழுந்திருக்காமல்

போன வாரம் எங்கள் பள்ளியின் இப்போதைய பி.டி. சார் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவர். பள்ளியில் புதிதாக ஒரு வீடியோ அறை கட்டியிருக்கிறார்களாம். பச்சைத் திரை, வட்ட விளக்கு, சட்டையில் குத்துகிற மைக் எல்லாம் வந்து இறங்கியிருக்கிறதாம். பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

"சார், நீங்கதான் இதுல முன்னோடின்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படி நடத்துறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க சார்" என்றார்.

முன்னோடி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அரை மணி நேரம் அளந்துவிட்டேன். ஒளி, கோணம், பின்னணி என்று எனக்கே அர்த்தம் தெரியாத சொற்களையெல்லாம் எடுத்துவிட்டேன். போனை வைத்ததும் சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "அந்தப் புள்ளைதான செஞ்சுது, நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். புது பி.டி. சார் இதைப் படித்து, நான் போனில் சொன்னதை மறந்துவிட வேண்டும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோயம்புத்தூரில் உடற்கல்வி படித்தேன். விசில் ஊதவும், சுண்ணாம்பு வைத்து நேர்க்கோடு போடவும், வெயிலில் நின்றுகொண்டே தூங்கவும் அங்கே கற்றுக்கொண்டேன். பிறகு காங்கேயம் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்து, அங்கேயே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டினேன். காலையில் வழிபாட்டுக்கு வரிசை கட்ட வேண்டும். அப்புறம் பிள்ளைகளின் சட்டையை உள்ளே விடச் சொல்ல வேண்டும். மழை வந்தால் கணக்கு டீச்சர் என் பீரியடை வாங்கிக்கொள்வார். எங்கள் பக்கம் மழை அபூர்வம் என்பதால், மழை வராவிட்டாலும் வாங்கிக்கொள்வார்.

எங்கள் தலைமையாசிரியை மரகதம் மேடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் யாருக்கும் உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை. குரல் உயர்ந்ததும் இல்லை. யாருக்காவது ஒரு வேலையைக் கொடுப்பதாக இருந்தால், முதலில் அறைக்குக் கூப்பிடுவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பார். எதிரே இருக்கிற பதிவேட்டை மூடுவார். பிறகு ஆயாம்மா ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பார். அந்த டம்ளர் மேசைக்கு வந்துவிட்டால் முடிந்தது. குடித்தாலும் வேலை நம்முடையது, குடிக்காவிட்டாலும் நம்முடையது. ஆசிரியர் அறையில் யாராவது முகம் வாடி நுழைந்தால், "என்னுங்க, காப்பிங்களா?" என்றுதான் கேட்போம்.

என் கடைசிப் பணி வருடம், ஜூன் மாதம், எனக்கு டம்ளர் வந்தது.

"முட்டி வலி இப்ப பரவாயில்லைங்களா சார்?"

"பரவாயில்லைங்க மேடம்."

"ஊட்டுல நல்லா இருக்கறாங்களா?"

"இருக்கறாங்க மேடம்."

"நிர்வாகத்துல இருந்து காணொளி மன்றம் ஒண்ணு ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க. நீங்க பாத்துக்குவீங்கன்னு எழுதிக் குடுத்துப்போட்டேனுங்க சார்."

"மேடம், எனக்கு போன்ல பேசவும் வைக்கவும் மட்டுந்தானுங்க தெரியும்."

"அதனால என்னுங்க? நீங்க ஒரு சத்தம் குடுத்தா கிரவுண்டு முழுக்கக் கேக்குது. மத்த டீச்சருங்களுக்கு அது வராதுங்களே" என்றார். சத்தத்துக்கும் வீடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் பாதிக் காப்பியைக் குடித்திருந்தேன்.

மன்றத்தில் முதல் நாள் ஏழு பேர் சேர்ந்தார்கள். ஒரு மாதத்தில் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். அந்த ஆறு பேரும் கேமராவுக்கு முன்னால் நின்று ஆட வந்தவர்கள். பின்னால் நிற்க வந்தது ஒரே ஒரு பிள்ளைதான். பிளஸ் ஒன் காமர்ஸ் படித்த தாரணி. இரட்டைச் சடை. கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. ஒரு நிமிடம் நம்மையே பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். மேடத்தின் மகன் வேண்டாமென்று விட்ட பழைய போன் ஒன்று மன்றத்துக்குக் கிடைத்தது. மன்றத்தின் மொத்தச் சொத்தும் அதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரே நடைமுறையை வீடியோவுக்கும் கொண்டுவந்தேன். குட்டி விசில் என்றால் ஆரம்பி. நீள விசில் என்றால் நிறுத்து. இரண்டு மாதம் இப்படித்தான் நடந்தது.

"சார், வீடியோல விசில் விழுகுதுங்க சார்" என்றாள் ஒரு நாள்.

"விழுந்தா விழட்டும். எதுலயும் ஒழுங்கு வேணும்."

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "சரிங்க சார்" என்று போய்விட்டாள். போனிலேயே ஏதோ ஒரு செயலியை இறக்கி, ஒவ்வொரு துண்டிலும் முன்னால் இருக்கும் விசிலையும் பின்னால் இருக்கும் விசிலையும் வெட்டி எடுத்திருக்கிறாள். எனக்கு அது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. "உங்க விசிலை வெட்டி வெட்டியே எனக்கு எடிட்டிங் வந்துபோச்சுங்க சார்" என்று பின்னாளில் அவளே சொன்னாள். அந்த வருடம் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

முதல் பெரிய வேலை சுதந்திர தின விழா. மேடம் கொடியேற்றுவதை முழுதாக எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். விழா முடிந்து எல்லோரும் ஆசிரியர் அறையில் கூடி, மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வீடியோவைப் பார்த்தோம். மேடம் கயிற்றைப் பிடிக்கிறார். கொடி மேலே போகிறது. முடிச்சு அவிழப் போகிற நேரத்தில் படம் ஒரு சுற்றுச் சுற்றியது. வானம் வந்தது. ஒரு முழங்கை வந்தது. அப்புறம் தேசிய கீதம் முடியும் வரைக்கும் ஒரு ஜோடி கறுப்பு ஷூவும் அதன் பக்கத்தில் ஊர்ந்துபோன எறும்பு வரிசையும்தான் தெரிந்தன.

"என்ன அம்மணி இது?" என்றேன்.

"கொடிக்கு சல்யூட் அடிக்கோணும், கீதத்துக்கு அட்டென்ஷன்ல நிக்கோணும், கை ஆடக்கூடாதுன்னு நீங்கதானுங்க சார் சொன்னீங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேடம் மிட்டாயை மென்றுகொண்டே, "எறும்பு நல்லா விழுந்திருக்குதுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

காலாண்டுத் தேர்வில் தாரணிக்குக் கணக்குப்பதிவியலில் மதிப்பெண் இறங்கியது. அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். பெயர் நாச்சிமுத்து. தோப்புத் தோப்பாகப் போய்த் தேங்காய் வாங்கி லாரியில் ஏற்றி அனுப்புகிறவர். சுற்று வட்டாரத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் எங்கேயாவது உட்கார்ந்து பார்த்தவர்களும் கிடையாது. கல்யாணத்துக்கு வந்தால் மண்டப வாசலில் நின்றபடியே மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு கும்பிடு, பெண் வீட்டாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தாலி கட்டும்போது அடுத்த ஊரில் இருப்பார். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து எல்லோரும் உட்கார, அவர் மட்டும் நின்றபடியே வெளியேறியதை நான் பார்த்திருக்கிறேன்.

மேடத்தின் அறையிலும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் பேசினார்.

"மேடம், நான் தப்பாப் பேசறேன்னு நெனச்சுக்காதீங்க. காலேஜுல விஸ்காம் படிக்கறேன், வீடியோ வேலைக்குத்தான் போவேங்குது புள்ளை. போன்ல படம் புடிக்கறதுக்கு மூணு வருசம் படிக்கோணுங்களா? எங்க லாரி டிரைவர் தினமும் புடிக்கறானுங்க. நான் பி.காம்னு முடிவு பண்ணிப்போட்டேன்."

தாரணி கதவோரம் நின்றிருந்தாள். வழக்கம்போல ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். "நான் எடுத்ததை நீங்க ஒருக்காவாச்சும் பாத்திருக்கீங்ளாப்பா?" என்று கேட்டாள்.

"எனக்கு எங்க அம்மணி நேரம்?"

"அஞ்சே அஞ்சு நிமிசந்தானுங்ப்பா."

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். "சரி, இப்பிடி வெச்சுக்குவோம். வருசக் கடைசில ஆண்டு விழாவுல நீ எடுத்ததைப் போடு. அஞ்சு நிமிசம் நான் எந்திரிக்காம உக்காந்து பாத்துட்டேன்னா, உன்னைய விஸ்காமே சேத்துடறேன். நடுவுல எந்திரிச்சுட்டேன்னா பி.காம். அதுக்கப்பறம் ஊட்டுல வீடியோங்கற பேச்சே வரக்கூடாது. மேடம், சார், நீங்க ரெண்டு பேரும் சாட்சி." அதைச் சொல்லி முடித்த கையோடு கிளம்பிவிட்டார். மேடம் அவருக்காகச் சொல்லியிருந்த காப்பி அப்புறம்தான் வந்தது. அதையும் நானே குடித்தேன்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தாலி கட்டும்வரை உட்காராத மனிதர் ஒரு பள்ளிக்கூட வீடியோவுக்கா உட்காரப் போகிறார்? ஆனால் தாரணி கலங்கவில்லை. அன்றைக்கு மதியமே, "சார், ஹைஜம்ப் கம்பம் ஒண்ணு வேணுமுங்க" என்று வந்து நின்றாள்.

உயரம் தாண்டும் கம்பத்தில் குறுக்குக் கழியை வைக்க ஒரு கொக்கி இருக்கும். அதை மேலும் கீழும் நகர்த்தித் திருகிவிடலாம். பக்கத்திலேயே அளவு போட்டிருக்கும். அந்தக் கொக்கியில் போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். படம் ஆடாமல் நின்றது. அதன் பிறகு எங்கள் பள்ளியில் கேமரா உயரம் என்பது தாண்டும் உயரம்தான். "சின்னப் புள்ளைங்க பேசறதுக்கு ஒண்ணு பத்துல வைங்க சார், மேடத்துக்கு ஒண்ணு நாப்பது" என்பாள். நான் திருகுவேன். தூக்கிக்கொண்டு போவதும் நான்தான்.

விளையாட்டு விழாவில் இன்னொன்று நடந்தது. நூறு மீட்டர் ஓட்டத்தைப் பக்கத்திலிருந்து எடுக்கிறேன் என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகளோடு சேர்ந்து ஓடினாள். மூன்றாவதாக வந்தாள். கோட்டில் நின்ற டீச்சர் பழக்க தோஷத்தில் அவள் பெயரையும் எழுதிவிட்டார். அந்த வீடியோவில் தரையும் வானமும் மாறி மாறிக் குதித்தன. அதை நாலைந்து தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "சார், நான் ஓடுனா ஓட்டம் தெரிய மாட்டேங்குது. நான் நின்னாத்தான் அவங்க ஓடறது தெரியுது" என்றாள். அடுத்த ஓட்டத்துக்குக் கம்பத்தைக் கோட்டோரம் நட்டு, ஆரம்ப விசிலுக்கு முன்பே பதிவை ஓடவிட்டு, எல்லோரும் ஓடி முடித்து மூச்சு வாங்கி உட்காரும்வரை அணைக்காமல் விட்டாள். கடைசியாக வந்த பிள்ளை கோட்டைத் தாண்டியதும் தனக்குத்தானே கை தட்டிக்கொண்டது அதில் விழுந்திருந்தது. முப்பது வருடம் நான் அதே கோட்டில் நின்றிருக்கிறேன். முதலில் வந்தவனைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை.

இனி அந்தக் கடினமான வேலைக்கு வருகிறேன்.

ஆண்டு விழாவில் போட 'எங்கள் ஊரின் உழைப்பு' என்று ஐந்து நிமிடப் படம் வேண்டும் என்றார் மேடம். எங்கள் ஊரில் உழைப்பு என்றால் கொப்பரைக் களம். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் சென்னியப்பனுக்குப் பெரிய களம் இருந்தது. தேங்காய் உடைப்பதும், வெயிலில் பரப்புவதும், காய்ந்ததைக் கிண்டிப் பெயர்ப்பதுமாக இருபது பெண்கள் வேலை செய்கிற இடம். நான் மரியாதைக்குப் போன் செய்து, "வியாழக்கிழமை காலைல வீடியோ எடுக்க வாரோமுங்க" என்று சொல்லிவைத்தேன். செய்த தப்பு அதுதான்.

வியாழக்கிழமை நானும் தாரணியும் கம்பத்தோடு போய் இறங்கினோம். களத்தில் ஒரு தேங்காய்கூட இல்லை. எல்லாவற்றையும் ஓரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். பெண்கள் பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக வாடகை நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சென்னியப்பன் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றிருந்தார். பக்கத்தில் அவருடைய மயிலைக் காளை, குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, கழுத்தில் மாலையோடு நின்றது.

"ஏனுங்க, வேலை நடக்கலைங்களா?" என்றேன்.

"வீடியோ எடுக்க வாரீங்கன்னு சொன்னீங்களே. அதான் இன்னைக்கு எல்லாத்துக்கும் லீவு உட்டுட்டனுங்க. வாரவங்களுக்கு முன்னால குப்பையும் தூசியுமா வெச்சிருந்தா நல்லா இருக்குங்களா? முதல்ல சாப்புடுங்க" என்றார்.

யார் வந்தாலும் வீட்டைப் பெருக்கி, நல்ல துணி கட்டி, இலை போட்டுவிட்டுத்தான் எங்கள் பக்கம் பேச்சே ஆரம்பிக்கும். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நான் கம்பத்தை நட்டுவிட்டு, முட்டி வலிக்கு ஓய்வு கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து நாலு தோசை சாப்பிட்டேன். தாரணி ஒரு வாய்கூடத் தொடாமல் களத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாப்பிட்ட பிறகு வேலை செய்து காட்டச் சொன்னோம். தார்ப்பாயை விலக்கினார்கள். இருபது பட்டுச் சேலைகளும் கறைபடாமல் தேங்காயை இரண்டு விரலால் எடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி உடைத்தன. ஒருவர் பேசும்போது மற்ற எல்லோரும் பேச்சுப் போட்டி மேடையில் நிற்கிற மாதிரி கைகட்டி நின்றார்கள். சென்னியப்பன் தன் உரையை மூன்று முறை மறந்தார். திரும்பி வரும்போது, "ஒண்ணும் தேறாது, இல்ல?" என்றேன். தாரணி போனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு நாள் கழித்து என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். வண்டி களத்து வளைவில் திரும்பியதுமே, "வீடியோக்காரங்க வந்துட்டாங்க" என்று ஒரு குரல் கேட்டது. நாங்கள் இறங்குவதற்குள் தார்ப்பாய் மூடிவிட்டது. அடுப்பில் தோசைக்கல்லும் ஏறிவிட்டது.

ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. நாச்சிமுத்து எழுந்து போவதை நான் கண்ணை மூடினாலே பார்த்தேன். ஒரு பிள்ளையின் படிப்பு என் ஒரு போன் அழைப்பால் கெட்டுவிட்டதே என்று வருத்தமாக இருந்தது. தாரணி மட்டும் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க விளையாட்டுச் சாமான் அறையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"சார், நீங்க தோசை சாப்புட்டதுல இருந்து பாருங்க."

அன்றைக்கு நான் கம்பத்தை நட்ட உடனேயே அவள் போனில் பதிவை ஓடவிட்டிருக்கிறாள். கடைசியில் கிளம்பும்வரை அணைக்கவே இல்லை. அதில் நான் பார்த்தவை இவை. ஒரு அம்மா இன்னொரு அம்மாவுக்குப் பூ வைத்துவிடுகிறார். முன்வரிசை நாற்காலிக்கு இரண்டு பேர் தள்ளிக்கொள்கிறார்கள். ஒருவர் தரையில் தப்பிக் கிடந்த ஒரு தேங்காய்ச் சில்லைப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்காத நேரம் எடுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறார். சென்னியப்பன் தன் உரையைக் காளையின் முகத்துக்கு நேரே நின்று ஒப்பிக்கிறார். காளை கொட்டாவி விடுகிறது. ராசம்மா என்ற மூத்த அம்மா சேலைத் தலைப்பால் கையை மூடி மூடிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொல்கிறார்: "பட்டுக் கட்டிப்போட்டேன், பூ வெச்சுப்போட்டேன். இந்தக் கையை எங்க கொண்டுபோயி வெக்கறது? முப்பது வருசமாத் தேங்காய் உடைச்ச கை, வீடியோல தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?" பந்தி ஓரத்தில் ஒரு பி.டி. சார் நாலாவது தோசைக்கு இலையை நீட்டுகிறார்.

"நாலாவதை வெட்டிடு அம்மணி" என்றேன்.

"அதுதானுங்க சார் நல்லா இருக்குது."

"இதைத்தான் போடப்போறயா?"

"உழைக்கறதை எடுக்க உட மாட்டேங்கறாங்க. எடுக்க உடாம என்ன பண்றாங்களோ அதையே போட்டுடலாமுங்க சார்."

மேடம் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். காப்பி வருகிறதா என்று நான் கதவைப் பார்த்தேன். "நல்லா இருக்குது கண்ணு. ஆனா அவங்களுக்குத் தெரியாம எடுத்தது. அவங்க பாத்து சரின்னு சொல்லாம மேடையில போடக்கூடாது. சார், நீங்களும் கூடப் போய்ட்டு வாங்க" என்றார்.

மூன்றாம் முறை போனோம். வேலைக்கு நடுவே பெண்கள் போனைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். சிரிப்பு களத்துக்கு வெளியே சாலை வரைக்கும் கேட்டது. ஒருவர் தன் மருமகளைப் பற்றிச் சொன்ன ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். இடுப்பில் சில்லு செருகியவர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. சென்னியப்பன் முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல் முழுவதும் பார்த்தார். "காளை கொஞ்ச நேரந்தானுங்க வருது. இன்னுஞ் சித்த உடலாமே" என்பது மட்டும்தான் அவர் சொன்ன குறை. ராசம்மா தன் பேச்சு வரும் இடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தாரணி அவரையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "உங்க கையை மட்டும் ஒருக்கா எடுத்துக்கட்டுங்களா ஆத்தா?" என்று கேட்டாள். ராசம்மா ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு கையை நீட்டினார். அதைத்தான் தாரணி படத்தின் கடைசியில் வைத்தாள்.

ஆண்டு விழா மதியம் மூன்று மணிக்கு. எங்கள் மண்டபத்துக்குத் தகரக் கூரை. வெளிச்சம் வராமல் ஜன்னல்களை உடற்பயிற்சி மெத்தைகளை வைத்து அடைத்தேன். காற்றும் வரவில்லை. ஓரத்தில் ஒரு பெரிய நிற்கும் ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து வந்தார். மூன்றாவது வரிசையில், எழுந்து போக வசதியாக ஓர நாற்காலியைப் பிடித்தார். உட்கார்ந்தார். தாரணி மேடைக்குப் பக்கத்தில் நின்று படத்தைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான்.

படம் ஆரம்பித்தது. பூ வைக்கிற இடத்தில் கூட்டம் சிரித்தது. காளை கொட்டாவிக்கு மண்டபமே அதிர்ந்தது. என் தோசைக்கும் கைதட்டல் விழுந்தது. நாச்சிமுத்துவும் சிரித்தார். மூன்று நிமிடம் தாண்டியிருக்கும். ராசம்மா தலைப்பில் கையை மூடிக்கொண்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

நாச்சிமுத்து எழுந்துவிட்டார்.

தாரணி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் விறுவிறுவென்று நடந்தார். வாசல் பக்கம் போகவில்லை. ஃபேன் பக்கம் போனார். சுவிட்ச் எங்கே என்று தடவிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் வயரையே பிடுங்கினார். மண்டபம் அமைதியானது. ராசம்மா பேசியது எல்லோருக்கும் கேட்டது. நாச்சிமுத்து திரும்பி நாற்காலிக்கு வரவில்லை. பிடுங்கிய வயரைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றே மீதியைப் பார்த்தார். சிறப்பு விருந்தினர் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து எல்லோரும் பஜ்ஜி சாப்பிட வெளியே போனார்கள். நாச்சிமுத்து மேடத்திடம் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"மேடம், எந்திரிச்சுப்போட்டனுங்க."

"ஃபேனை நிறுத்தத்தானுங்க எந்திரிச்சீங்க."

"எதுக்கு எந்திரிச்சா என்னுங்க? எந்திரிச்சது எந்திரிச்சதுதான். நாலு பேரு முன்னால சொன்ன சொல்லு. நான் மாத்திப் பேசிப் பழக்கமில்லீங்க." சொல்லும்போது தாரணியின் பக்கம் திரும்பவில்லை. அவருக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆசைப்பட்டுக்கொண்டே பிடிவாதம் பிடிக்கிற மனிதரை என்ன செய்வது? தாரணி, "உடுங்ப்பா, உங்களுக்கு நேரமாச்சு. லாரி நிக்கும்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் முப்பது வருட வேலையில் நான் கற்றதில் உருப்படியான ஒன்று ஞாபகம் வந்தது.

"ஏனுங்க, ஓட்டப்பந்தயத்துல புள்ளைங்க ஓடறப்ப நாய் குறுக்க வந்துபோட்டா என்ன பண்ணுவோம் தெரியுங்களா?" என்றேன்.

"என்ன பண்ணுவீங்க?"

"அந்த ஓட்டம் செல்லாதுங்க. செயிச்சவன் தோத்தவன்னு எதுவும் கெடையாது. மறுபடி முதல்ல இருந்து ஓட உடோணும். இங்க ஃபேன் குறுக்க வந்துபோச்சு."

நாச்சிமுத்து என்னையே உற்றுப் பார்த்தார். "அது விதிங்களா சார், இல்ல நீங்களா சொல்றீங்களா?"

"விதிங்க. புஸ்தகத்துலயே இருக்குது." என் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியான குரலில் நான் எதையும் சொன்னதில்லை.

அவர் தலையாட்டினார். பிறகு போய் முதல் வரிசை நடுவில், இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் எழுந்து போகவே முடியாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். "மேடம், இக்கட்டால நீங்க உக்காருங்க. சார், அக்கட்டால நீங்க. போடு அம்மணி" என்றார்.

காலி மண்டபத்தில் படம் மறுபடி ஓடியது. ஃபேன் இல்லை. மூன்று பேரும் நனைந்துவிட்டோம். வெளியே பஜ்ஜி வாசம் வந்தது. அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்க்காமலே அமுக்கினார். மறுபடி அடித்தது, மறுபடி அமுக்கினார். இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ராசம்மா பேசியதைக் கேட்டார். கடைசியில் அந்தக் கை வந்தது. வெடிப்பும் காய்ப்புமாக, திரை முழுக்க, உள்ளங்கையை விரித்துக்கொண்டு அந்த ஒரு கை. எனக்குக் கண் கலங்கியது. வியர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

திரை கறுத்தது. நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "முடிஞ்சுதுங்க, வாங்க" என்று அவர் தோளைத் தொட்டேன்.

களத்துப் பெண்கள் இருபது பேரின் பெயர்களும் திரையில் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே காளையின் பெயர். அதற்கும் கீழே, படம் எடுத்தவர், நா. தாரணி.

நாச்சிமுத்து என் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"உக்காருங்க சார்" என்றார். "பேரு ஓடிட்டிருக்குதுங்க."